சுமை சுமந்த ஸ்குவாட்ரன்

விமானப் படை என்றதும் உங்கள் மனக்கண்முன் என்ன தோன்றுகிறது? ஒலியைவிட வேகமாகப் பாயும் போர் விமானம் தோன்றலாம். அரிசி மூட்டை ஏற்றிய விமானம் தோன்றாது. ஆனால் 1947, 48-ஆம் ஆண்டுகளில் காஷ்மீரில் நடந்த போரை எடுத்துக்கொண்டால், அதன் போக்கை முடிவு செய்ததில் மூட்டை சுமந்த விமானங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த வேலையின் பெரும் பாரம் இந்திய விமானப் படையின் 12-ஆம் ஸ்குவாட்ரன் மீது விழுந்தது.

ஸ்குவாட்ரன் என்பது பத்திலிருந்து இருபது விமானங்கள் வரை கொண்ட ஒரு பிரிவு. விமானிகள் மட்டுமே ஸ்குவாட்ரன் ஆகிவிடமாட்டார்கள். எஞ்சினைக் கழற்றிப் பூட்டும் தொழிலாளர், வானொலிக்காரர், சுமையை நிறுத்து ஏற்றுவோர், கணக்கு எழுதுவோர் எல்லோரும் சேர்ந்ததே ஸ்குவாட்ரன். சுமை விமானப் பிரிவில் இந்தக் கணக்கு எழுதுபவர் மிக முக்கியமானவர். ஏன் என்பது போகப்போகப் புரியும்.

12-ஆம் ஸ்குவாட்ரன் 1945 டிசம்பர் 1-ஆம் தேதி கோஹாட்டில் தொடங்கப்பட்டது. அவ்வூர் இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. முதலில் அதற்கு ஸ்பிட்பயர் என்னும் போர் விமானங்கள் தரப்பட்டன. 1946-இல் அவை போய் டகோட்டா விமானங்கள் வந்தன. பந்தயக் குதிரையிலிருந்து இறக்கிப் பார வண்டியில் ஏற்றியது போல இளம் விமானிகள் சிலருக்கு இருந்திருக்கும். மறு ஆண்டே நாடு பிரிந்தது. விமானப் படையும் பிரிந்தது. இந்தியாவின் பங்குக்கு வந்த ஒரே சுமை விமான ஸ்குவாட்ரன் இதுதான்.

டகோட்டாவைப் பற்றி நான்கு எண்கள் தெரிந்தால் போதும். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 29 மீட்டர். இரண்டு எஞ்சின்கள், ஒவ்வொன்றும் 1,200 குதிரைத் திறன். எதுவும் ஏற்றாத வெறும் விமானத்தின் எடை சுமார் 8,200 கிலோகிராம். முழுச் சுமையுடன் ஏறத்தாழ 12,000 கிலோகிராம். இந்த எண்களை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். அமெரிக்காவின் டக்ளஸ் நிறுவனம் செய்த இந்த விமானம் 1935 டிசம்பரில் முதன்முதலாகப் பறந்தது. இரண்டாம் உலகப் போரில் இராணுவத்துக்காக மட்டும் பத்தாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டது.

சணலால் ஒரு வான்குடை

சாலையே இல்லாத இடத்தில் இருக்கும் ஒரு படைக்கு வானத்திலிருந்து மட்டுமே சோறு போட முடியும் என்பது 1944-இல் இந்திய-பர்மா எல்லையில்தான் பெரிய அளவில் மெய்ப்பிக்கப்பட்டது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் ஜப்பானியப் படை இம்பாலுக்குச் செல்லும் சாலையை வெட்டிவிட்டது. ஜூன் 22-ஆம் தேதி வரை சாலை திறக்கவில்லை. உள்ளே அகப்பட்டுக்கொண்டவர்கள் ஒரு இலட்சத்துக்கும் மேல். பிரிட்டிஷ் விமானப் படையின் 31, 194 ஆகிய ஸ்குவாட்ரன்களும் அவற்றைப் போன்ற பிறவும் டகோட்டாக்களில் அவர்களுக்குத் தீனி சுமந்தன. திரும்பும்போது சும்மா வரவில்லை. காயம்பட்டவர்களையும், சண்டைக்குத் தேவைப்படாத பல்லாயிரம் பேரையும் ஏற்றி வெளியே கொண்டுவந்தன. ஒருவரை வெளியேற்றினால் அவருக்கான அரிசி நாள்தோறும் மிச்சம் அல்லவா? அதுவும் கணக்குத்தான்.

இம்பாலில் விமானம் இறங்க இடம் இருந்தது. காட்டுக்குள் இருந்த படைகளுக்கு மேலிருந்து போடத்தான் வேண்டும். இங்கே ஒரு கேள்வி. விமானம் வினாடிக்கு 50 மீட்டர் வேகத்தில், தரையிலிருந்து 80 மீட்டர் உயரத்தில் போகிறது. அரிசி மூட்டையை எந்த இடத்தில் தள்ளிவிட வேண்டும்? படை இருக்கும் இடத்துக்கு நேர் மேலே என்று சொன்னால் அரிசி போய்ச் சேராது. ஈர்ப்பு முடுக்கத்தைப் பத்து என்று வைத்துக்கொண்டால், 80 மீட்டர் விழ 4 வினாடி ஆகும். அந்த 4 வினாடியும் மூட்டை விமானத்தின் வேகத்தோடு முன்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். ஆகவே 200 மீட்டர் முன்னதாகவே தள்ள வேண்டும். காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், மூட்டை தரையைத் தொடும் கணத்தில் விமானம் அதன் நேர் மேலே இருக்கும். எறிபொருள் பாடம் படிக்கும்போது நம்ப மறுக்கும் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. அந்தக் காட்டில் இதை நம்பாமல் இருந்தவர் யாரும் இருந்திருக்க முடியாது.

மூட்டை தரையைத் தொடும்போது கீழ்நோக்கிய திசைவேகம் வினாடிக்கு 40 மீட்டர். கிடைத் திசைவேகம் 50 மீட்டர். இரண்டின் தொகுபயன் வினாடிக்கு 64 மீட்டர், அதாவது மணிக்கு 230 கிலோமீட்டர்! அந்த வழியில் நிற்பவரின் உயிருக்கே ஆபத்து. கோணிப்பை என்ன ஆகும்? கிழிந்து அரிசி சிதறும். இதற்கு ஓர் எளிய வழி கண்டார்கள். அரிசி உள்ள கோணியைத் தளர்வான இன்னொரு கோணிக்குள் போட்டுத் தைத்தார்கள். உள்ளே இருப்பது வெடித்தாலும் வெளியில் இருப்பது தாங்கிக்கொள்ளும். நிரம்பத் திணித்த மூட்டையைவிடத் தளர்ந்த மூட்டையே பிழைக்கும். தளர்ந்த மூட்டை நசுங்கி விரிய நேரம் எடுத்துக்கொள்கிறது. உந்தம் ஒரே அளவு மாறினாலும், மாற எடுக்கும் நேரம் கூடினால் விசை குறையும். கிரிக்கெட்டில் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னுக்கு இழுப்பதும் இதற்காகத்தான்.

அரிசி, பருப்பு, கோதுமை மாவு, கோவேறு கழுதைக்குத் தீவனம் இவற்றை இப்படி எறியலாம். துப்பாக்கி ரவை, மருந்து, பெட்ரோல் ஆகியவற்றுக்கு வான்குடை வேண்டும். அப்போது வான்குடை பட்டிலும் நைலானிலும் செய்யப்பட்டது. ஐரோப்பியப் போர்முனைகளின் தேவைக்குப் பிறகே பர்மாவுக்குப் பங்கு கிடைக்கும், கிடைத்தது போதவில்லை. அப்போது 14-ஆம் இராணுவத்தின் தளபதி ஸ்லிம் கல்கத்தாவின் சணல் ஆலைக்காரர்களை நாடினார். வங்காளத்தில் சணலுக்குப் பஞ்சமா? துணியும் சணல், கயிறும் சணல் என்று முழுவதும் சணலாலான வான்குடை உருவாயிற்று. பட்டு வான்குடைக்கு 20 பவுனுக்கு மேல் ஆன இடத்தில் இதற்கு ஒரு பவுனுக்குச் சற்று மேல்தான் ஆயிற்று. திறன் பட்டில் 85 விழுக்காடு என்று ஸ்லிம் தம் போர் நினைவு நூலில் எழுதியிருக்கிறார். மனிதர் இறங்கவோ உடையும் பொருள் இறக்கவோ இது ஆகாது, மற்றவற்றுக்கு ஆகும்.

85 விழுக்காடு போதுமா? கணக்கிடலாம். வான்குடை விரிந்ததும் மேல்நோக்கிய காற்றுத் தடை, எடைக்குச் சமமாகும்வரை வேகம் மாறுகிறது. பிறகு மாறாத ஒரு வேகத்தில் இறங்குகிறது. இதுவே முற்றுத் திசைவேகம். 100 கிலோகிராம் பெட்டி, 25 சதுர மீட்டர் வான்குடை என்று வைத்துக்கொண்டால் முற்றுத் திசைவேகம் வினாடிக்கு ஏறத்தாழ 7.4 மீட்டர் வரும். இது 2.7 மீட்டர் உயரத்திலிருந்து குதிப்பதற்குச் சமம். சணலில் காற்றுத் தடை 85 விழுக்காடுதான் என்று எடுத்துக்கொண்டால்? தடை, வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், வேகம் 8 மீட்டராகத்தான் உயரும். குதிக்கும் உயரம் 3.2 மீட்டர் ஆகும். அரை மீட்டர்தான் வேறுபாடு! ரவைப் பெட்டிக்கு இது ஒரு பொருட்டல்ல. விலையோ இருபதில் ஒரு பங்கு. இப்போரில் செய்யப்பட்ட புதுக் கருவிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தச் சணல் குடைதான்.

பதினைந்து ஆட்களும் அவர்கள் எடைக்குப் பெட்ரோலும்

மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அதே வேலையைச் செய்ய 12-ஆம் ஸ்குவாட்ரனுக்கு அழைப்பு வந்தது. 1947 அக்டோபரில் ஆயுதம் தாங்கிய பழங்குடிப் படையினர் எல்லையைக் கடந்து ஜீலம் நதிப் பள்ளத்தாக்கு வழியாகக் காஷ்மீருக்குள் வந்தனர். அக்டோபர் 26-ஆம் தேதி காஷ்மீர் மகாராஜா இந்தியாவுடன் இணையும் பத்திரத்தில் கையெழுத்திட்டார். அப்போது பழங்குடிப் படையினர் ஸ்ரீநகரிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் உள்ள பாரமுல்லாவில் இருந்தனர். இந்தியாவிலிருந்து செல்லும் சாலையோ படையை விரைவில் கொண்டுபோகத் தகுந்ததாக இல்லை. விமானம் ஒன்றே வழி.

அக்டோபர் 27-ஆம் தேதி விடியுமுன் டில்லியிலிருந்து டகோட்டாக்கள் புறப்பட்டன. முன்னணியில் ஸ்குவாட்ரனின் தலைவர் விங் கமாண்டர் கே. எல். பாட்டியா. உள்ளே சீக்கிய ரெஜிமெண்டின் முதல் பட்டாளத்து வீரர்கள். அவர்கள் தலைவர் லெப்டினண்ட் கர்னல் திவான் ரஞ்சித் ராய்க்கு ஒரு விசித்திரமான கட்டளை: ஸ்ரீநகர் விமானத் திடலை முதலில் வட்டமிட்டுப் பார்க்க வேண்டும், அது எதிரியின் கையில் இருந்தால் இறங்காமல் ஜம்முவுக்குத் திரும்ப வேண்டும். இறங்கப்போகும் இடம் யார் கையில் இருக்கிறது என்றே தெரியாத பயணம். திடல் காலியாகவே இருந்தது, இறங்கினார்கள். முன்னேறிச் சென்று எதிரியைத் தடுத்த சண்டையில் ரஞ்சித் ராய் உயிரிழந்தார்.

ஒரு விமானத்தில் எத்தனை பேர்? ஏறத்தாழ 15 பேர், சில நூறு கிலோ சாமான். இவ்வளவு பெரிய விமானத்தில் இவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றும். டில்லியிலிருந்து ஸ்ரீநகர் நேர்கோட்டில் சுமார் 640 கிலோமீட்டர். டகோட்டாவுக்குப் போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம். ஸ்ரீநகரில் பெட்ரோல் நிரப்பும் வசதி இல்லை. மணிக்கு ஏறத்தாழ 350 லிட்டர் செலவானால் ஐந்து மணிக்கு 1,750 லிட்டர். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை 0.72 கிலோகிராம். பெருக்கினால் 1,260 கிலோகிராம் வருகிறது. துப்பாக்கியோடு ஓர் ஆள் 80 கிலோ என்றால் 15 பேரின் எடை 1,200 கிலோகிராம். அதாவது ஆட்களின் எடைக்குச் சமமாகப் பெட்ரோலைச் சுமந்தாக வேண்டும்!

எங்கள் ஊரில் கார்த்திகைத் தீபத்துக்கு மலையுச்சிக்கு நெய் சுமந்து ஏறுபவர்களை வேங்கிக்காலில் குடியிருக்கும் நாங்கள் ஆண்டுதோறும் பார்க்கிறோம். தோளில் இருப்பது தீபத்துக்கு. இடுப்பில் கட்டியிருக்கும் தண்ணீரும் கட்டுச்சோறும் சுமப்பவருக்கு. வழி நீள நீள இடுப்புச் சுமை பெருகும், தோள்சுமை சிறுக்கும். விமானத்துக்கும் இதே நிலைதான். சுமை விமானத்தின் வரலாற்றைத் தொலைவும் எடையும் சேர்ந்தே எழுதுகின்றன.

ஆகவே ஒரு நடையில் கொண்டுபோக முடியாததைப் பல நடையாகக் கொண்டுபோனார்கள். தனியார் விமானக் கம்பெனிகளின் டகோட்டாக்களும் அவற்றின் விமானிகளும் வந்து சேர்ந்துகொண்டனர். நவம்பர் நடுப்பகுதிக்குள் சுமார் 700 நடை! ஸ்ரீநகர்த் திடலோ சிறு விமானங்களுக்கென அமைந்தது. இரவில் இறங்க விளக்குகள் கிடையாது. ஒரு விமானம் இறங்கினால் எழும் புழுதி அடங்கும்வரை அடுத்தது காத்திருக்க வேண்டும். நவம்பர் 3-ஆம் தேதி அத்திடலை அடுத்த பட்காமில் கடும் சண்டை நடந்தது. மேஜர் சோம்நாத் சர்மா தம் வீரர்களோடு அதைத் தடுத்து நின்று உயிர்நீத்தார். முதல் பரம்வீர் சக்கரம் அவருக்கே வழங்கப்பட்டது. அந்தத் திடல் பறிபோயிருந்தால் டகோட்டாக்கள் இறங்க வேறு இடமே அப்பள்ளத்தாக்கில் இல்லை.

பூஞ்ச் என்னும் ஊரின் கதை வேறு. அதைச் சுற்றியிருந்த குன்றுகளெல்லாம் எதிரியின் வசம். உள்ளே ஒரு சிறு படை. கூடவே சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து ஓடிவந்த பல்லாயிரம் அகதிகள். 40,000 பேர் என்றும், ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் தானியம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 16,000 கிலோகிராம். ஒரு டகோட்டா 2,500 கிலோ கொண்டுவந்தால், ஆறு ஏழு நடை தானியத்துக்கே போய்விடும். உப்பு, மருந்து, ரவை எல்லாம் அதற்கு மேல். மேலிருந்து போட்டுக் கட்டுப்படியாகாது. இறங்கியே ஆக வேண்டும். பிரிகேடியர் பிரீதம் சிங் தலைமையில் படைவீரர்களும் அகதிகளும் மண்வெட்டியும் கூடையும் கொண்டு ஒரு குறுகிய ஓடுபாதையை அமைத்தனர். மூன்று பக்கமும் ஓடைகள். 1947 டிசம்பரில் ஏர் கமடோர் மேஹர் சிங் அதில் டகோட்டாவை இறக்கிக் காட்டினார். படையில் எல்லோரும் அவரை 'பாபா' என்றே அழைப்பார்கள். உலகப் போரில் டி.எஸ்.ஓ. என்னும் விருது பெற்ற ஒரே இந்திய விமானி அவர்.

குறுகிய பாதையில் இறங்குவதில் உள்ள இடர் என்ன? விமானம் நிற்க வேண்டிய தூரம், இறங்கும் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வினாடிக்கு 33 மீட்டர் வேகத்தில் இறங்கி, 1.5 என்ற எதிர்முடுக்கத்தில் நிறுத்தினால் சுமார் 360 மீட்டர் ஓடும். வேகம் பத்தில் ஒரு பங்கு கூடிவிட்டால் தூரம் ஐந்தில் ஒரு பங்கு கூடும். ஓடைக்குள் போய் நிற்கும். மெதுவாக வந்தாலோ தூக்கு விசை போதாமல் பாதைக்கு முன்பே விழும். இந்த இரண்டுக்கும் நடுவேயான குறுகிய இடைவெளியில்தான் விமானிகள் நாள்தோறும் நுழைந்து வந்தார்கள். வரும்போது மாவும் ரவையும், போகும்போது அகதிகளும் காயம்பட்டவர்களும். 1948 நவம்பரில் தரைப்படை வந்து முற்றுகையை உடைக்கும்வரை, ஏறத்தாழ ஓராண்டு, அவ்வூர் வானத்தை நம்பியே வாழ்ந்தது.

திரும்ப இடமில்லாத பள்ளத்தாக்கு

எல்லா இடத்திலும் இது கைகூடிவிடவில்லை. வடக்கே சிந்து நதிப் பள்ளத்தாக்கில் உள்ள ஸ்கர்டுவிலும் ஒரு படை 1948 பிப்ரவரியிலிருந்து முற்றுகைக்குள் இருந்தது. அங்கே டகோட்டாக்களால் சுமை போட இயலவில்லை. காரணங்களில் ஒன்று மலைகளுக்கு இடையேயான குறுகலான வழி. விமானம் திரும்ப எவ்வளவு இடம் வேண்டும் என்று பாருங்கள். வட்டப் பாதையில் செல்ல மையநோக்கு விசை தேவை. விமானம் இறக்கையைச் சாய்த்துத் தூக்கு விசையின் ஒரு கூறை அதற்குப் பயன்படுத்துகிறது. வினாடிக்கு 70 மீட்டர் வேகம், 30 பாகைச் சாய்வு என்றால் வட்டத்தின் ஆரம் 850 மீட்டர். ஆகவே ஒரு முழுத் திருப்பத்துக்குக் குறைந்தது 1,700 மீட்டர் அகலமான வெளி வேண்டும். உயரே போகப்போகக் காற்று மெலிவதால் விமானம் இன்னும் வேகமாகப் போக வேண்டியிருக்கிறது. ஆரமோ வேகத்தின் இருமடியாகப் பெருகுகிறது. மேகம் மூடினால், எதிரே சுவர் இருக்கிறதா வெளி இருக்கிறதா என்பதே தெரியாது. இப்படிப்பட்ட வழியில் நுழைந்த பெரிய விமானத்துக்குத் திரும்பிவரும் வாய்ப்பே இல்லாமல் போகலாம்.

டெம்பெஸ்ட் என்னும் போர் விமானங்கள் இறக்கைக்குக் கீழே சிறு கலன்களைக் கட்டிக்கொண்டுபோய்ப் போட்டன. அவை சுமக்கக்கூடியது சொற்பம். அதிலும் சில கைக்கு எட்டாத இடங்களில் விழுந்தன. உணவும் ரவையும் தீர்ந்த நிலையில் 1948 ஆகஸ்டு 14-ஆம் தேதி ஸ்கர்டு வீழ்ந்தது. பூஞ்சும் ஸ்கர்டுவும் ஒரே போரில், ஒரே காலத்தில் முற்றுகையிடப்பட்டவை. இரண்டிலும் வீரர்களின் மனவுறுதியில் குறை இருந்ததாக யாரும் சொன்னதில்லை. ஓரிடத்தில் டகோட்டா இறங்க முடிந்தது, மற்றோரிடத்தில் முடியவில்லை.

நான்கு அண்ணாமலை உயரத்தில்

அடுத்து லே. லடாக்கின் தலைநகர். அங்கே இருந்த காவல் படை மிகச் சிறியது. 1948-இல் எதிரி அதை நோக்கி வந்துகொண்டிருந்தான். ஸ்ரீநகரிலிருந்து கால்நடையாக ஜோஜிலாக் கணவாய் வழியே படை போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். ஆனால் அங்கே ஓர் ஓடுபாதை இருந்தது. சோனம் நோர்பு என்னும் லடாக்கிப் பொறியாளர், குளிர்காலத்தில் கணவாயைக் கடந்துவந்த சிறு குழுவோடு வந்து, உள்ளூர் மக்களைக் கொண்டு சிந்து நதிக்கரைச் சமவெளியில் அதை அமைத்திருந்தார். அதில் விமானம் எதுவும் இறங்கியதில்லை. பெரும்பாலான லடாக்கியர் விமானத்தையே பார்த்ததில்லை.

இன்றைய லே விமான நிலையம் அதே சமவெளியில்தான் இருக்கிறது. உயரம் கடல் மட்டத்துக்கு மேல் 3,256 மீட்டர். எங்கள் அண்ணாமலையின் உயரம் 814 மீட்டர். நான்கால் பெருக்கிப் பாருங்கள். மலைமேல் மலையாக நான்கு அண்ணாமலைகளை அடுக்கினால் அதன் உச்சியில் லே ஓடுபாதை!

அங்கே காற்றின் அடர்த்தி என்ன? கடல் மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை 1.225 கிலோகிராம். லே உயரத்தில் 0.886 கிலோகிராம், அதாவது 72 விழுக்காடுதான். இறக்கையின் தூக்கு விசை காற்றின் அடர்த்திக்கும் வேகத்தின் இருமடிக்கும் நேர்விகிதத்தில் இருக்கிறது. வேகத்தைக் கூட்டாமல் சமாளிக்கலாம் என்றால் விமானத்தின் எடையை 72 விழுக்காடாகக் குறைக்க வேண்டும். முன்பு குறித்துக்கொண்ட எண்களை எடுங்கள். 12,000 கிலோகிராமில் 72 விழுக்காடு சுமார் 8,700. வெறும் விமானமே 8,200. மீதி 500 கிலோவில் விமானிகள், பெட்ரோல், சுமை எல்லாம் அடங்க வேண்டும்! இருபத்தெட்டு விழுக்காடுதானே குறைகிறது என்று மேலோட்டமாகப் பார்ப்பவர் ஏமாந்துபோவார். குறைப்பு முழுவதும் சுமையின் தலையில்தான் விழுகிறது; இரும்பையும் அலுமினியத்தையும் இறக்கி வைக்க முடியாது அல்லவா?

ஆகவே வேகத்தைக் கூட்ட வேண்டும். 1.225-ஐ 0.886-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.18. கடல் மட்டத்தில் மணிக்கு 140 கிலோமீட்டரில் எழும் விமானம் லேயில் 165 கிலோமீட்டரில்தான் எழும். எஞ்சின் அதே அளவு இழுத்தாலும் 600 மீட்டர் ஓடியது இங்கே 830 மீட்டர் ஓடும். எஞ்சினோ அதே அளவு இழுக்காது. எரிவதற்கு ஆக்சிஜன் குறைவு. டகோட்டா எஞ்சினில் காற்றை அழுத்தி ஊட்டும் விசிறி ஒன்று உண்டு. அது சில ஆயிரம் அடிவரை ஈடுகொடுக்கும். லே அதற்கும் மேலே இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. விமானியின் முன்னால் இருக்கும் வேகமானி, எதிர்க்காற்றின் அழுத்தத்தை அளந்துதான் வேகத்தைக் காட்டுகிறது. அந்த அழுத்தமும் அடர்த்தி, வேகத்தின் இருமடி இரண்டையும் பொறுத்தது. எனவே லேயில் விமானம் 165-இல் ஓடும்போதும் முள் 140-ஐத்தான் காட்டும்! இறங்கும்போது முள் வழக்கமான எண்ணில் நிற்கும். தரையோ வழக்கத்தைவிட வேகமாகப் பாய்ந்து வரும். கண்ணை நம்பி வேகத்தைக் குறைத்தால் விமானம் விழும். முள்ளை நம்ப வேண்டும். ஆனால் ஓடுபாதையின் நீளத்துக்கு முள்ளை நம்பக் கூடாது.

1948 மே 24-ஆம் தேதி மேஹர் சிங் ஸ்ரீநகரிலிருந்து டகோட்டாவில் புறப்பட்டார். உடன் வந்தவர் தளபதி மேஜர் ஜெனரல் திம்மையா. வழிகாட்டத் தகுந்த வரைபடம் இல்லை. மலைகளைத் தாண்டச் சுமார் 24,000 அடி வரை ஏற வேண்டியிருந்தது. அவ்வுயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் 39 விழுக்காடுதான். இன்றைய பயணி விமானம் போல உள்ளே அழுத்தத்தைச் சீராக வைக்கும் ஏற்பாடு டகோட்டாவில் கிடையாது. இறக்கையில் படியும் பனிக்கட்டியை உதிர்க்கும் கருவியும் அந்த விமானத்தில் இல்லை. பனி படிந்தால் எடை கூடும் என்பது மட்டுமல்ல, இறக்கையின் வடிவம் கெட்டுத் தூக்கு விசையும் குறையும். இத்தனைக்கும் நடுவே விமானம் லேயில் இறங்கியது. அந்நாளில் அவ்வளவு உயரத்தில் விமானம் இறங்குவது உலகிலேயே மிக அரிது. அடுத்த சில நாட்களில் கூர்க்கா வீரர்கள் விமானங்களில் வந்து இறங்கினர். லே கைவிட்டுப் போகவில்லை.

மேஹர் சிங்குக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. 1952 மார்ச்சில் புயலில் சிக்கிய ஒரு சிறு விமானத்தில் அவர் இறந்தார். டகோட்டாக்கள் 1980-களின் பிற்பகுதி வரை நம் விமானப் படையில் உழைத்தன. 12-ஆம் ஸ்குவாட்ரன் பிற்காலத்தில் ஏ.என்.-32 விமானங்களுக்கு மாறியது. மலைநாடுகளுக்காகவே வலுவான எஞ்சின்கள் இறக்கைக்கு மேலே பொருத்தப்பட்ட விமானம் அது. கோவைக்கு அருகே சூலூர் பக்கம் போகிறவர்கள் அவ்வகை விமானம் தலைக்கு மேல் போவதைப் பார்த்திருக்கலாம். 2018-இல் பழைய டகோட்டா ஒன்று இங்கிலாந்தில் பழுது பார்க்கப்பட்டு, பறந்தே இந்தியா வந்து விமானப் படையில் சேர்ந்தது. பரசுராமா என்று பெயர் சூட்டி, வி.பி.905 என்ற எண்ணையும் அதன் வாலில் எழுதியிருக்கிறார்கள். 1947 அக்டோபர் 27-ஆம் தேதி ஸ்ரீநகரில் முதலில் இறங்கிய டகோட்டாவின் எண் அது.

இனி உங்களுக்கு ஒரு கணக்கு. லே உயரத்தில் காற்றின் அடர்த்தி 0.886 என்று சொன்னேன் அல்லவா? அது வெப்பநிலை உறைநிலைக்கு 6 பாகை கீழே, அதாவது 267 கெல்வின் இருக்கும்போது. கோடை நண்பகலில் லேயில் 27 பாகை, அதாவது 300 கெல்வின் என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் மாறவில்லை. சார்லசு விதிப்படி புதிய அடர்த்தியைக் கண்டுபிடியுங்கள். கடல் மட்டத்தில் 600 மீட்டர் ஓடி எழும் விமானம் அந்த நண்பகலில் எவ்வளவு தூரம் ஓட வேண்டும்? எஞ்சினின் இழுவை குறையவில்லை என்றே கொள்ளுங்கள். விடை 930 மீட்டருக்குப் பக்கத்தில் வர வேண்டும். வந்தால், லேவுக்குப் போகும் பயணி விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே போய்த் திரும்பிவிடுவதன் காரணங்களில் ஒன்றை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள்.